எங்கள் கிளப்பின் எடைக்கல்

கபடியில் நீ எந்த இடத்தில் ஆடுவாய் என்று யாராவது கேட்டால், "தராசில்" என்று சொல்வேன். கேலிக்குச் சொல்லவில்லை. வடக்கனந்தல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிளப்பில் நான் இருந்த வருஷங்களில், நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போனது ஒரே ஒருமுறைதான். போனவன் திரும்பி வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் முதல் ஆளாக என்னைத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். காரணம் என் திறமை இல்லை, என் எடை. சரியாக ஐம்பத்தைந்து கிலோ.

அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் நடந்த போட்டிகள் எல்லாம் எடைக் கணக்கில்தான். ஐம்பத்தைந்து கிலோ போட்டி என்றால், அதற்குமேல் இருப்பவன் களத்தில் கால் வைக்க முடியாது. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனையும் நிறுத்துப் பார்ப்பார்கள். எங்களிடம் தராசு கிடையாது. ஒருமுறை கள்ளக்குறிச்சி வெல்ல மண்டியில் கெஞ்சிக் கூத்தாடி, மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் எல்லாரும் ஏறி இறங்கினோம். ஒவ்வொருவனுக்கும் கல்லை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து மண்டிக்காரர் அலுத்துப்போனார். என் முறை வந்தபோது மட்டும் ஐம்பத்தைந்து கிலோக் கல்லுக்கு முள் அசையாமல் நடுவில் நின்றது.

"இன்னாப்பா இவன், கல்லாட்டம் நிக்கிறான்!" என்றார் மண்டிக்காரர்.

அந்த வார்த்தை என் தலையெழுத்தாகிவிட்டது. எங்கள் கேப்டன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். முட்டி போய் ஆட்டத்தை விட்டவர், ஆனால் ஆட்டம் அவரை விடவில்லை. அன்றைக்கே ஒரு மூங்கிலை வெட்டி, நடுவில் கயிறு கட்டிப் புளியமரக் கிளையில் தொங்கவிட்டார். இரண்டு முனையிலும் ஊஞ்சல் மாதிரிக் கயிறு. ஒரு பக்கம் நான் உட்கார வேண்டும், மறுபக்கம் ஆட வருகிறவன். அவன் பக்கம் இறங்கினால் அவன் ஜாஸ்தி. சமமாக நின்றால், அல்லது என் பக்கம் இறங்கினால், அவன் தேறினான். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

எனக்கு அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை பாயசத்துக்கு நான் கையை நீட்டினால், பந்தியின் மறுகோடியிலிருந்து "டேய் கல்லு!" என்று ஒரு குரல் வரும். பரிமாறுகிறவன் கரண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

ஆள் பிடிப்பதில் எங்கள் கேப்டனுக்குத் தனி வழி இருந்தது. மற்ற ஊர்க் கிளப்புக்காரர்கள் ஆட்டம் பார்த்து ஆள் எடுப்பார்கள். இவர் ஆட்டத்தையே பார்க்க மாட்டார். கரும்பு டிராக்டர் மெதுவாகத் திரும்பும் இடத்தில் நின்று, எந்தப் பையன் ஓடிப்போய்க் கரும்பை உருவுகிறான், உருவிய பிறகு எத்தனை நேரத்தில் காணாமல் போகிறான் என்று கவனிப்பார். தொட்டுவிட்டு ஓடத் தெரிந்தவன் பாடிப் போக லாயக்கு. கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடும்போது கயிற்றைப் பிடிக்கிறவன் அவருக்கு வேண்டாம், காலைப் பிடிக்கிறவன்தான் வேண்டும்.

அப்படித்தான் மலைக்காரப் பையன் கிடைத்தான். கல்வராயன் மலை அடிவாரத்துச் சந்தையில் ஒருவர் விற்க வந்த கிடா துள்ளிக்கொண்டு ஓட, கடுக்காய் மூட்டையோடு நின்றிருந்த ஒரு பையன் மூட்டையைப் போட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் பாய்ந்து அதன் பின்னங்காலை ஒரே கையால் பிடித்தான். கிடா கத்தியது. எங்கள் கேப்டனும் கத்தினார்.

"கல்லு, பாத்தியா? கணுக்கால்டா! சொல்லிக் குடுத்தா வராதுடா இது!"

அடுத்த வாரம் மலைக்கு ஏறினோம். நான் எதற்கு என்று கேட்டேன். "கடையில கல்லு இல்லாம சரக்கு வாங்குவாங்களா?" என்றார்.

பையனின் அம்மா முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் அரை மணி நேரம் பேசினார். அரசாங்க விளையாட்டு ஆஸ்டல் இருக்கிறது, அங்கே சேர்ந்தால் சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பெரிய போட்டிக்குக் கோச் ஒருவர் வந்து ஆள் எடுப்பார் என்றெல்லாம். அந்த அம்மா முறத்தை நிறுத்தவே இல்லை.

"அறுப்பு முடிஞ்சதும் காப்பி எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டினு போக மேஸ்திரி வருவாரு, தம்பி. இவன் அப்பன் அங்க போனவன்தான், காய்ச்சல்ல போய்ட்டான். இவனையும் அனுப்ப எனக்கு ஆசையா? வேற வழி இல்ல. நீங்க சொல்ற ஆஸ்டல்ல எடுத்துக்கினா சரி. இல்லன்னா மேஸ்திரி வர அன்னிக்கு இவன் இங்க இருக்கணும்."

பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். மேஸ்திரி என்ற பேச்சு வந்தபோது மட்டும் கால் விரலால் மண்ணைக் கிளறினான்.

பலாமரத்தில் மூங்கிலைக் கட்டினார் கேப்டன். நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். பையன் மறுபக்கம். மூங்கில் கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் பக்கம் இறங்கியது. அதிகம் இல்லை, ஒரு சாண்.

கேப்டன் அவனைச் சுற்றி வந்தார். கடைசியில் அவன் கால்களைப் பார்த்து நின்றார். முறம் மாதிரி அகலமான பாதங்கள்.

"இந்தப் பாதமே ரெண்டு கிலோ வரும்போல கீது. அதை ஒண்ணும் பண்ண முடியாது. ராத்திரி சோத்தை நிறுத்திடுவோம்."

பையன் கீழே வந்து சைக்கிள் கடையிலேயே தங்கினான். விடிந்ததும் ஓட்டம், பிறகு ஆற்று மணலில் பாய்ச்சல், சாயங்காலம் பிடி பழக்கம். பிடிப்பதற்கு ஒரு உடம்பு வேண்டுமே, அது நான். என் கணுக்கால்கள் அந்த மாதங்களில் பட்ட பாட்டைச் சந்தையில் அந்தக் கிடாகூடப் பட்டிருக்காது. பிடியில் ஒரு குறையும் இல்லை. கோடுதான் அவனுக்குப் புரியவில்லை. ஆள் ஓடினால் துரத்துவான். களத்தைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, ஒருநாள் எங்கள் ஆள் ஒருவனைக் கடைத்தெரு வரைக்கும் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"டேய், கோட்டைத் தாண்டினா நீ அவுட்டுடா!"

"அவன் ஓடினானே, ண்ணா?"

கேப்டன் சாம்பலால் கோடு போட்டார். பிறகு கயிறு கட்டினார். கடைசியில் கோட்டின்மேல் காரமுள்ளைப் பரப்பினார். முள் குத்திய பிறகு பையனுக்குக் கோடு தெரிந்தது.

ராத்திரியில் அவன் பசியோடு படுத்திருப்பான். நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைப்பக்கம் போனால், "ண்ணா, இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்பான். நான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "கத்திரிக்கா போட்டாங்களா?" என்பான். "போட்டாங்க" என்பேன். அதோடு திரும்பிப் படுத்துக்கொள்வான். பெரிய போட்டி நெருங்கியபோது மூங்கில் ஏறக்குறைய சமமாக நின்றது.

போட்டி, மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் ஒரு ஊரில். கோச் வருகிறார் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். அறுப்பு முடிந்துகொண்டிருந்தது; இதைவிட்டால் மேஸ்திரிதான். அந்தச் சமயத்தில்தான் எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கச் சாலை மறியல் தொடங்கியது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கடைகள் அடைப்பு, பஸ் இல்லை. ஆட்டம் நின்றுபோயிருக்கும் என்றுதான் நினைத்தோம். மூங்கில்துறைப்பட்டிலிருந்து கொல்லை வழியாகச் சைக்கிளில் வந்த ஒருவர்தான் சேதி சொன்னார்: கோச் முன்கூட்டியே வந்துவிட்டாராம். வந்தவர் போக வழியில்லாமல் விழாக்குழுத் தலைவர் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். மாற்றுத்துணி இல்லாமல் கட்டம் போட்ட லுங்கியில் உட்கார்ந்திருக்கிறாராம். "அவரைச் சும்மா ஒக்கார வெச்சிட்டிருக்கிறதுக்கு ஆட்டத்தை நடத்திடலாம்னு முடிவாயிடுச்சு" என்றார்.

எல்லாருக்கும் சைக்கிள் போதாது, நடந்தோம். கள்ளக்குறிச்சியைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனதும் சாலை முழுக்க ஆட்கள். ஒரு மரம் விழுந்து கிடந்தது, அடுத்தது பாதி வெட்டிய நிலையில் நின்றது. ஓரத்தில் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. தூரத்தில், வளைவில், போலீஸ் வேன் ஒன்று. அது வரவும் இல்லை, போகவும் இல்லை.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் கோடாலியை ஊன்றிக்கொண்டு எங்களை மறித்தார்.

"கும்பலா எங்கடா போறீங்க?"

"ஆட்டத்துக்குப் போய்க்கினு இருக்கோம்ண்ணா. கபடி" என்றார் கேப்டன்.

"ஆட்டமா? ஊரே ரோட்ல குந்திகினு கெடக்குது, உங்களுக்கு ஆட்டம் கேக்குதா? எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ளைங்க?"

ஒவ்வொருவனாக ஊரையும் அப்பா பேரையும் சொன்னோம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எங்களில் இரண்டு பேர் அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்றுகூட ஆனது. பையன் முறை வந்தது.

"மலைங்க" என்றான்.

சுற்றி நின்றவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள். யாரோ பின்னால், "இவன் எதுக்குடா இவனுங்க கூட?" என்றார். பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கோடாலியை அவன் கையில் வைத்தார்.

"மலையா? அப்ப கோடாலி நல்லா புடிப்ப. இதைச் சாய்ச்சுட்டுப் போ."

அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, சும்மா சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் எல்லாருக்கும் வளைவில் நின்ற வேன் தெரிந்தது. கோடாலியும் கையுமாக இருப்பவனைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று வழியெல்லாம் பேச்சு. எங்களில் ஒருவனைப் பிடித்தால் ஊரிலிருந்து ஆள் வரும். இவனைப் பிடித்தால் மலையில் சாமை புடைக்கிற அந்த அம்மாவுக்குச் சேதி போய்ச் சேரவே நாளாகும். கோச் ஊருக்குப் போய்விடுவார். மேஸ்திரி வந்துவிடுவார். பையன் கோடாலியை வாங்கி, கையில் தூக்கி எடை பார்த்து, காலை அகட்டி நின்றான். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

நான் போய் அவன் கையிலிருந்து பிடுங்கினேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

"இவன் வெட்னா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும்ண்ணா. நான் வெட்றேன், சாயங்காலம் வரைக்கும் உங்களுக்குப் பொழுது போகும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஓங்கினேன். மரத்தில் கோடாலி பட்டதா என்று தெரியாது. என் கையில் பிடி மட்டும் இருந்தது. இரும்பு கழன்று, "விர்" என்று கூட்டத்தின் தலைக்குமேல் போய்ப் பள்ளத்துச் சேற்றில் விழுந்தது. அத்தனை பேரும் குனிந்த குனிவில் சாலையே ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. பெரியவரின் துண்டு கழுத்துக்கு வந்துவிட்டது. நான் வெறும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இவனைப் போலீஸ்காரனுங்க கிட்ட அனுப்புங்கடா," என்றார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர். "வேனை வுட்டுட்டு ஓடிடுவானுங்க!"

முதலில் அவர் சிரித்தார், பிறகு எல்லாரும். பெரியவர் கடைசியாக, சிரிக்கக் கூடாது என்று முயன்று தோற்றுப்போய்ச் சிரித்தார். "போங்கடா. ஆனா சாப்டாம போவக் கூடாது. இங்க வந்தவன் எவனும் பசியோட போனான்னு பேர் வரக் கூடாது."

தப்பித்தோம் என்று நினைத்தேன். கேப்டன் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இப்போதுதான் மாட்டிக்கொண்டோம் என்று. இலை போட்டுச் சாம்பார் சோற்றை மலைபோல் கொட்டினார்கள். அந்த வரிசையில் மட்டும் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. மறியல் சோற்றை மறுத்தால் மறியலையே மறுத்த மாதிரி. பெரியவர் கரண்டியோடு பையன் பக்கத்திலேயே நின்றார்.

பையன் கேப்டனைப் பார்த்தான். "ண்ணா, துன்னட்டா?"

"துன்னு" என்றார் கேப்டன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மாசக்கணக்கில் கேள்வியாகவே கேட்டுவந்த குழம்பை அவன் அன்றைக்குக் கண்ணால் கண்டான். முதல் குவியல் போனது. இரண்டாவது. "வளர்ற புள்ள!" என்று பெரியவர் மூன்றாவதையும் போட்டார். ஒவ்வொரு கரண்டிக்கும் கேப்டன் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கிளம்பியதும் எங்கள் எல்லாருடைய பையையும் அவன் தோளில் மாட்டி, வாய்க்கால் கரையில் ஓடவிட்டார். அவன் ஓடினான், சந்தோஷமாக, ஏப்பம் விட்டுக்கொண்டு.

அன்று போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை களத்துக்கு வந்தால், அங்கே தராசு இல்லை. திருக்கோவிலூரிலிருந்து வர வேண்டிய தராசு டிராக்டரோடு ஏதோ ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. கடைகள் அடைப்பு. சர்க்கரை ஆலையில் எடைமேடை இருந்தது. ஆனால் அது டிராக்டரோடு கரும்பை நிறுக்கிறது, எங்களை எல்லாம் ஏற்றினால் காக்கை உட்கார்ந்ததாகக்கூடக் காட்டாது. விழாக்குழுத் தலைவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கேட்டார்:

"வடக்கனந்தல் பக்கத்துல ஒரு ஆளு கல்லா இருக்கான்னு சொல்வாங்களே, வந்துகீறானா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் புகழின் உச்சம் அதுதான்.

கேப்டன் என்னை பம்புசெட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"நேத்து நடந்ததுல எவ்ளோ கொறஞ்சிருப்ப?"

"செருப்பே தேஞ்சி போச்சுண்ணா. நான் மட்டும் தேயாமலா இருப்பேன்?"

அவர் முகம் வெளுத்தது. நான் இறங்கியிருக்கிறேன், பையன் ஏறியிருக்கிறான். மூங்கில் அவன் பக்கம் குப்புற விழும். "குடிடா" என்று பம்புசெட்டுத் தண்ணீரைக் காட்டினார். குடித்தேன். "இன்னும்." குடித்தேன். வயிறு தவில் மாதிரி ஆனது.

திரும்பி வந்தால், இதுவரை என்னிடம் முகம்கொடுத்துப் பேசாத ஒரு கிளப்பின் கேப்டன் வாழைப்பழச் சீப்போடு நிற்கிறார். "தம்பி, ரொம்ப தூரம் நடந்து வந்தீங்களாமே. சாப்டுங்க." அவர் பக்கத்தில் கன்னம் உப்பிய ஒரு பையன். எனக்குப் புரிந்தது. அடுத்த கிளப்புக்காரர் ஒரு சொம்புக் கரும்புச்சாறு. அதற்கடுத்தவர் இளநீர். எல்லாக் கிளப்பிலும் ஒருவனாவது ஜாஸ்தி. கல் கனமானால் எல்லாருக்கும் லாபம். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் என் களைப்பைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டார்கள்.

லுங்கியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோச் இதைப் பார்த்துவிட்டுத் தலைவரிடம், "உங்க பக்கத்து ஜனங்களுக்கு ரொம்பப் பாசம் சார்" என்றார்.

வேப்பமரக் கிளையில் மூங்கில் ஏறியது. நான் உட்கார்ந்தேன். "நிறுத்து முடியற வரைக்கும் கல்லு கீழ எறங்கக் கூடாது" என்றார் தலைவர். ஒவ்வொரு கிளப்பாக வந்தது. கன்னம் உப்பியவன் தேறினான். அவனைவிடத் தடியன் ஒருவனும் தேறினான். கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் என்பதால் எங்கள் முறை கடைசி. பாதி வரிசை தாண்டுவதற்குள் பம்புசெட்டும் கரும்புச்சாறும் இளநீரும் ஒன்றுசேர்ந்து என்னிடம் முறையிட ஆரம்பித்தன. நெற்றியில் வியர்வை.

"ண்ணா..." என்றேன். "போவணும்ண்ணா."

கேப்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் காதில் சொன்னார். "நீ இப்ப போனா, பையன் காப்பி எஸ்டேட்டுக்குப் போவான். அடக்குடா, கல்லு. உன் வாழ்க்கையில வேற எதையும் நான் கேக்கல."

மரத்துக்கு அந்தப் பக்கம் பையன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கால் விரல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நான் காலைப் பின்னிக்கொண்டு வேப்பிலைகளை எண்ணப் பார்த்தேன். காற்றுக்கு அவை சலசலவென்று தண்ணீர்ச் சத்தம் போட்டன. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கடைசியில் எங்கள் ஆட்கள். நான்கைந்து பேர் தேறினார்கள். பையன் கயிற்றைப் பிடித்து உட்காரப் போகும் நேரம், வாழைப்பழம் கொடுத்த அதே கேப்டன் கையைத் தூக்கினார். அவர் ஆட்கள்தான் எல்லாரும் தேறிவிட்டார்களே.

"தலைவரே, இது நியாயமா? கல்லு கண்டதையும் குடிச்சிட்டு ஊதிப்போய்க் குந்திகினு கீது. அது குடிச்சதை எறக்கிட்டு வரட்டும், அப்பறம் இந்த மலைக்காரனை நிறுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். என் முகமே சாட்சி சொல்லியிருக்கும். கூட்டம் முணுமுணுத்தது. பையன் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றான்.

எங்கள் கேப்டன் அவசரப்படவில்லை. சைக்கிள் செயினை மாட்டுகிற நிதானத்தோடு சொன்னார்: "நியாயம்தான். கல்லு எறங்கட்டும். வந்ததும் எல்லாரையும் மொதல்லேர்ந்து நிறுத்துடுவோம்."

கன்னம் உப்பியவன் தன் கேப்டனைப் பார்த்த பார்வையில் ஒரு பரம்பரைப் பகையே இருந்தது. மற்ற கிளப்புக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில், "நேரமாவுது, நிறுங்கப்பா!" என்றார்கள்.

பையன் உட்கார்ந்தான். மூங்கில் நடுங்கியது. அவன் பக்கம் கொஞ்சம் இறங்கியது. என் கால் தரையைவிட்டு எழுந்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். காற்றுக்கும் எடை உண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன். அம்மி, ஆட்டுக்கல், எங்கள் கணக்கு வாத்தியார் என்று கனமான விஷயங்களாக நினைத்துக்கொண்டேன். மூங்கில் மெல்ல, மிக மெல்லத் திரும்பி வந்தது. சமம்.

"தேறினான்!" என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு கரும்புக் கொல்லைக்கு நான் பாய்ந்த வேகத்தைக் கோச் பார்த்திருந்தால் என்னையும் ஆஸ்டலுக்கு எடுத்திருப்பார்.

திரும்பி வந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. பையன் ஆடிய ஆட்டத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவன் பிடித்த கணுக்கால் எதுவும் வீடு திரும்பவில்லை என்பது மட்டும் தெரியும். கோச் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பையன் பாடிப் போனான். ஒருவனைத் தொட்டான், திரும்பினான், திரும்பிய இடத்திலேயே விழுந்தான். யாரும் பிடிக்கவில்லை. கெண்டைக்கால் இறுகிவிட்டது. கல் மாதிரி. அவர்கள் நான்கு பேர் மேலே விழுந்தார்கள். மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று முனகிக்கொண்டே, அந்த அகலப் பாதத்தால் மண்ணை உந்தி, கையை நீட்டினான். கோடே தெரியாமல் கடைத்தெரு வரைக்கும் ஓடியவன், முள் குத்திக் கற்ற அந்தக் கோட்டை ஒரு விரல் நுனியால் தொட்டான்.

ஜெயித்தோம். ஆனால் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கோச் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் வந்தார். கெண்டைக்காலை அமுக்கினார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ராத்திரி என்னப்பா சாப்பிட்டே?"

"ராத்திரி சாப்படறது இல்லீங்க."

"நேத்தா?"

"மலையிலேர்ந்து கீழ வந்ததிலேர்ந்தே இல்லீங்க."

கோச் எங்கள் கேப்டன் பக்கம் திரும்பினார். கேப்டன், "எடை சார்..." என்று இழுத்தார். குரல் எங்கோ பம்புசெட்டிலிருந்து வருவதுபோல இருந்தது.

"அம்பத்தஞ்சு உங்க ஊர்க் கணக்குய்யா! என்கிட்ட வர்ற பையன் எழுபதுல நிக்கணும். இந்தப் பாதத்தைப் பார். இதுக்கு மேல ஆறடி ஆள் வரவேண்டியது. நீ மூங்கில்ல தொங்கவிட்டுக் காயவெச்சிருக்க." அவர் பையனின் பாதத்தைக் கையில் எடுத்து எங்களுக்குக் காட்டினார். "இவனை எடுத்துக்கறேன். ஆனா இப்படியே கொண்டுவந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன். அங்க டாக்டர் பார்ப்பார். சேர்க்கைக்கு வரும்போது அஞ்சு கிலோ ஏத்திட்டு வா."

மறுபடி நாங்கள் மலையேறினோம். மரங்களை அகற்றியிருந்தார்கள், பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை முறம் நின்றது.

"அப்ப, சோறு போடணும்னு சொல்லிட்டாரா?"

"ஆமாங்கம்மா" என்றார் கேப்டன்.

"அதுக்கா தம்பி கீழ கூட்டினு போனீங்க? அதை நான் இங்கயே போட்டிருப்பேனே!"

கேப்டன் மூங்கிலை எடுத்துக்கொண்டு பலாமரத்துப் பக்கம் போனார். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அந்த அம்மாவின் கையில் முறம் இருந்தது.

சாமைச்சோறும் அவரைக் குழம்பும் பலாப்பழமும், எப்போதாவது கோழியுமாகப் பையன் தின்ன ஆரம்பித்தான். வாரா வாரம் கல் மலைக்குப் போனது. பலாமரத்தில் மூங்கில். என் மடியில் ஐந்து கிலோவுக்குக் கணக்காக அம்மிக்குழவி ஒன்றையும் சின்னக் கல் ஒன்றையும் வைத்துக் கட்டுவார் கேப்டன். நான் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் கணக்குக் கெட்டுவிடும். அவன் எதிரில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடிப்பான். "ண்ணா, நல்லா கீதுண்ணா. இன்னா ருசின்னு சொல்லட்டா?" என்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

மேஸ்திரி வந்த அன்றும் நாங்கள் அங்கே இருந்தோம். அவர் வேலிக்கு வெளியே குடையை ஊன்றி நின்றார். பையனின் பை முற்றத்தில் தயாராக இருந்தது. எங்கே போவதற்கென்று இன்னும் முடிவாகவில்லை. நான் குழவியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பையன் மறுபக்கம் உட்கார்ந்து, அந்தப் பெரிய பாதங்களைத் தரையிலிருந்து எடுத்தான்.

மூங்கில் அசையவில்லை. அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவன் பக்கம் இறங்க ஆரம்பித்தது. நிற்காமல் இறங்கி, பாதம் தரையில் பதிந்தது. நான் குழவியோடு பலாக்காய் உயரத்துக்குப் போனேன்.

"வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்றார் அந்த அம்மா, வேலிப்பக்கம் திரும்பாமலேயே.

குடை நகர்ந்தது. பையன் அப்படியே உட்கார்ந்திருந்தான், எழுந்தால் எடை போய்விடுமோ என்கிற மாதிரி. கேப்டன் அவன் தலையைப் பிடித்து ஆட்டினார். அம்மா உள்ளே போய் இன்னொரு தட்டுச் சோறு கொண்டுவந்தார். எல்லாரும் அவனைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ண்ணா," என்றேன் மேலேயிருந்து. "கல்லை எறக்குங்கண்ணா. கல்லுக்கும் பசிக்குது."